அம்மா சொல்லச் சொன்னாள்

முகாம், அறை 41
ஜூன் 3

அன்புள்ள சின்னவனுக்கு,

நான் செத்துப் பதினொரு வருடம் ஆகிறதாம். எனக்கே நேற்றுத்தான் தெரிந்தது.

பயப்படாதே, சிரித்துக்கொண்டுதான் எழுதுகிறேன். விஷயம் இதுதான். வருடக் கடைசிக்குள் இந்த முகாமை மூடப்போகிறார்கள். வெளிநாட்டில் சொந்தம் இருக்கிறவர்கள் குடும்ப இணைப்புக்கு விண்ணப்பிக்கலாம். மற்றவர்களைப் பேருந்தில் ஏற்றி, ஒன்றரை நாள் தூரத்தில் ஏதோ புதுக் குடியிருப்பாம், அங்கே கொண்டுபோய் விடுவார்கள். நீ ஒவ்வொரு வருடமும் 'இந்த வருடம் கட்டாயம் கூப்பிடுகிறேன் அக்கா' என்று எழுதுகிறாய். உனக்கு வேலை, அம்மாவுக்கு வாரம் மூன்று முறை ரத்தச் சுத்திகரிப்பு, மகளுக்குப் பள்ளிக்கூடம். பாவம், நீ எத்தனைக்குத்தான் ஓடுவாய் என்று நானே விண்ணப்பித்துவிட்டேன். முகாமில் என் பெயரே படிவக்காரி. ஊருக்கெல்லாம் படிவம் நிரப்பிக் கொடுப்பவள் தனக்கு ஒன்று நிரப்ப மாட்டாளா?

பதில் நேற்று வந்தது. அப்படியே எழுதுகிறேன்: 'விண்ணப்பதாரர் குறிப்பிடும் மகள் பயணத்தின்போது நடந்த வாகன விபத்தில் இறந்துவிட்டதாகத் தாயும் மகனும் நேர்காணலில் வாக்குமூலம் அளித்துள்ளனர்.' கீழே இரண்டு கட்டம். 'அந்த மகள் நானே' என்று ஒன்று. 'அந்த மகள் நான் அல்ல' என்று ஒன்று. ஆகஸ்ட் பத்துக்குள் ஏதாவது ஒன்றில் குறி போட்டுக் கையெழுத்து வைத்துக் கொடுக்க வேண்டும்.

இதில் உங்கள் மேல் தப்பு இல்லை. ஊரை விட்டு ஓடியபோது இரண்டு லாரியில் ஏறினோம், என் லாரி பாலத்தில் கவிழ்ந்தது, ஒருத்தரும் பிழைக்கவில்லை என்று உங்களுக்குச் சொன்னார்கள். நான் முழங்கால் நொறுங்கி மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தது யாருக்குத் தெரியும்? எழுந்து உட்கார முடிந்ததும் ஏழு முகாமுக்கு ஏழு கடிதம் போட்டேன். உன் கையில் ஒன்று கிடைத்தபோது நீங்கள் வெளிநாடு போய்ச் சேர்ந்து நாலு மாதம் ஆகியிருந்தது என்று எழுதியிருந்தாய். அதற்குப் பிறகு நீ போய்த் திருத்திச் சொல்லியிருப்பாய். எந்தக் குமாஸ்தாவோ அந்தக் காகிதத்தை நாற்காலிக்கு முட்டுக்கொடுக்க எடுத்திருப்பான். அந்தத் திருத்தத்தின் நகலை மட்டும் அனுப்பு. மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அம்மாவிடம் இப்போது சொல்லாதே. எல்லாம் சரியான பிறகு சொல்லிச் சிரிக்கலாம்.

உன் அக்கா

*

சலவைக்கூடம்
ஜூன் 14

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. இங்கே ஒரு வாரமாக விடாத மழை. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இரண்டு பேர் லீவு. படுக்கை விரிப்பு மடிக்கிற இயந்திரமும் மூன்று நாள் மக்கர் பண்ணியது. கையாலேயே மடித்தோம், தோள்பட்டை கழன்றுவிட்டது. அதனால்தான் பதில் எழுதத் தாமதம்.

நீ எனக்குச் சொல்லாமல் விண்ணப்பித்தது எனக்கு வருத்தம்தான் அக்கா. இங்கே அலுவலகங்கள் அங்கே மாதிரி இல்லை. ஒரு நூலை இழுத்தால் பத்து நூல் கூட வரும். அம்மாவுக்குச் சிகிச்சை, முதியோர் உதவி, வீட்டுக்கு வருகிற பராமரிப்பு அம்மா எல்லாமே ஒரே கோப்பில் இருக்கிறது. நான் திருத்தம் கொடுத்ததாகத்தான் ஞாபகம். நகலை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை, வீடு மாறியபோது நிறையக் காகிதம் போய்விட்டது. தேடுகிறேன்.

அதுவரை நீ எந்தக் கட்டத்திலும் குறி போடாதே. அவர்களாகவே மறந்துவிடுவார்கள். இப்படி எத்தனையோ காகிதம் அனுப்புவார்கள்.

அம்மா நன்றாக இருக்கிறாள். காதுதான் சுத்தமாகக் கேட்கவில்லை. நீ படி ஏறி இறங்கக் கூடாதாம், முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடத்தை விடக் கூடாதாம், அம்மா சொல்லச் சொன்னாள். ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுத்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே என்றும் சொன்னாள்.

வழக்கம்போல் சலவைக்கூடத்து முகவரிக்கே எழுது. வீட்டில் தபால் திருடு போகிறது.

உன் தம்பி

*

முகாம், அறை 41
ஜூன் 25

சின்னவனே,

தேட வேண்டாம். நான் வேறொன்றைக் கண்டெடுத்துவிட்டேன்.

நீயும் அம்மாவும் இருந்த முகாமை நாலு வருடத்துக்கு முன்பே மூடிவிட்டார்கள் அல்லவா? அங்கிருந்த பழைய பதிவேடுகளைப் போன வாரம் இங்கே கொண்டுவந்து இறக்கினார்கள். நாற்பது பெட்டி. மூடுவதற்குள் எல்லாவற்றுக்கும் பட்டியல் எடுக்க வேண்டுமாம். என் கையெழுத்து தெளிவாக இருக்கும் என்று என்னை உட்கார வைத்தார்கள். கிடங்கில் பகலிலேயே விளக்குப் போட்டுக்கொண்டு, மூக்கில் துணி கட்டிக்கொண்டு தூசி தட்டுகிறேன்.

பதினேழாவது பெட்டியில் தபால் பட்டுவாடாப் பதிவேடு. உனக்கு நினைவிருக்கும். நிவாரணச் சங்கம் வழியாக வரும் கடிதத்தைச் சும்மா கொடுக்க மாட்டார்கள். அனுப்பியவர் பெயர், வந்த தேதி எழுதி, வாங்குகிறவரிடம் எதிரே கையெழுத்து வாங்குவார்கள். அதில் என் பெயரைப் பார்த்தேன். நானும் முட்டாள், முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. அட, நம்ம கடிதம் வந்து சேர்ந்திருக்கிறதே என்று.

எதிரே உன் கையெழுத்து. அது வேறு யாருடையதாகவும் இருக்க முடியாது. கடைசி எழுத்தின் வாலை இழுத்துப் பின்னால் மடக்கி, கீழே இரண்டு புள்ளி. எட்டாம் வகுப்பில் 'எனக்கு ஒரு கையெழுத்துப் போடக் கத்துக்குடு அக்கா' என்று நச்சரித்தாயே, அடுப்புக்கரியால் தரையில் போட்டுக் காட்டியது நான்தான். போலீஸ்காரன் மீசை மாதிரி இருக்கிறது என்று நீ சொன்னாய்.

தேதி மார்ச் 9. உங்கள் நேர்காணல் மார்ச் 12. இது அலுவலகம் எனக்கு அனுப்பிய காகிதத்தில் இருக்கிறது. நீங்கள் விமானம் ஏறியது 26.

நாலு மாதம் கழித்துக் கிடைத்தது என்றாயே.

எனக்கு இனி நகல் வேண்டாம். அம்மாவின் குரல் வேண்டும். சனிக்கிழமைகளில் முகாம் அலுவலகத்துத் தொலைபேசியில் ஆளுக்கு மூன்று நிமிடம் தருகிறார்கள். உன் வீட்டு எண்ணை எழுதி அனுப்பு. அம்மாவுக்குக் காது கேட்காவிட்டால் போகட்டும், வாய் பேசும் இல்லையா? அவள் பேசட்டும், நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அக்கா

*

சலவைக்கூடம்
ஜூலை 6

அக்கா,

மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இதையும் கிழிப்பதற்குள் உறையில் போட்டுவிட வேண்டும்.

அன்றைக்கு அம்மா முகம் வீங்கி, மூச்சு விட முடியாமல் கிடந்தாள். 'இங்கே இயந்திரம் இல்லை, இரண்டு மாதம் தாங்கினால் பெரிது' என்று முகாம் மருத்துவர் சொல்லிவிட்டார். ஒரே ஒரு வழி இருந்தது. பார்த்துக்கொள்ள ஆளில்லாத நோயாளிகளை, துணைக்கு ஒருவரோடு வெளிநாட்டுக்கு அனுப்புகிற திட்டம். எனக்குப் பத்தொன்பது வயது, நான் துணை. நீ இறந்துவிட்டாய் என்று எழுதிக் கொடுத்திருந்தேன். எழுதிக் கொடுத்த அன்றைக்கு அது பொய் இல்லை அக்கா. அதை மட்டும் நீ நம்ப வேண்டும்.

பிறகு ஒன்பதாம் தேதி உன் கடிதம் வந்தது. தபால் வரிசையிலேயே நின்று படித்தேன். சந்தோஷத்தில் அம்மாவிடம்தான் ஓடினேன். பாதி வழியில் கால் நின்றுவிட்டது. இன்னொரு முகாமில் உயிரோடு ஒரு மகள் இருக்கிறாள் என்றால் அம்மா ஆளில்லாதவள் இல்லை. கோப்பைத் திருப்பி அனுப்பி, முதலிலிருந்து விசாரிப்பார்கள். ஆறு மாதமோ ஒரு வருடமோ ஆகும். பக்கத்துக் கூடாரத்தில் ஒருவருக்கு அப்படித்தான் நடந்தது. அவர் பெயரைக் கூப்பிட்டபோது அவர் உயிரோடு இல்லை.

கடிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

நேர்காணலில் அதிகாரி அம்மாவிடம் கேட்டார், "வேற பிள்ளைங்க இருக்காங்களா?" அம்மா சொன்னாள், "ஒருத்தி இருந்தா சார். வழியில விட்டுட்டு வந்துட்டேன்." சொல்லிவிட்டு மேசையில் தலையை வைத்து அழுதாள். அப்படி ஓர் அழுகையை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அதிகாரி தண்ணீர் கொடுத்தார். கோப்பை மூடி, போதும் என்று சொல்லிவிட்டார். அந்த அழுகைதான் எங்களுக்கு அனுமதி வாங்கிக் கொடுத்தது. பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். உன் கடிதம் என் வயிற்றில் குத்திக்கொண்டிருந்தது.

இங்கே வந்து இறங்கியதும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். வந்த முதல் வாரமே ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். குடும்பத்தைப் பற்றித் தெரிந்தே பொய் சொல்லியிருந்தால் அனுமதி ரத்து என்று அதில் இருந்தது. அன்றைக்குப் பயந்தவன்தான், பயந்தபடியே இருக்கிறேன். வருடா வருடம் ஒரு படிவம் வரும். 'குடும்ப விவரத்தில் மாற்றம் உண்டா?' இல்லை என்று எழுதுவேன். பதினொரு தடவை எழுதிவிட்டேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதைத்தான் எழுத முடியவில்லை.

அம்மாவுக்குத் தெரியாது. நீ உயிரோடு இருப்பது அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. சொன்னால் அவள் அடக்கிவைக்க மாட்டாள் என்று தெரியும். நாளைக்கு, அடுத்த மாதம், அடுத்த வருடம் என்று தள்ளிப் போட்டேன். என் மனைவிக்கும் தெரியாது. அம்மாவுக்குக் காது நன்றாகவே கேட்கும். அம்மா சொன்னாள் என்று உனக்கு எழுதியதெல்லாம் நான் எழுதியதுதான். உனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் தொடங்கினேன். எழுத எழுத, அவள் அப்படித்தான் சொல்லியிருப்பாள் என்று எனக்கே தோன்றிவிட்டது.

உன் முதல் கடிதம் என்னிடம் இருக்கிறது. சலவைக்கூடத்து அலமாரியில் வேலைச் சட்டைக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

என்னைத் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

தம்பி

*

முகாம், அறை 41
ஜூலை 18

உன் கடிதத்தைக் கிடங்கில் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து படித்தேன். கூட வேலை செய்கிறவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "யாரு செத்தது?" என்று கேட்டாள். நான்தான் என்றேன். அவள் சிரித்தாள்.

அம்மாவைப் பிழைக்க வைக்க நீ என்னைச் சாகடித்தாய். சரி. மூன்று நாள் அதை யோசித்துப் பார்த்தேன். மார்ச் ஒன்பதாம் தேதி அந்த வரிசையில் நான் நின்றிருந்தால் என்ன செய்திருப்பேன்? ஒருவேளை நானும் இடுப்பில் செருகியிருப்பேன். எனக்குத் தெரியாது. அதற்காக உன்னை நான் தூக்கில் போட மாட்டேன்.

ஆனால் மற்றது?

மூன்று வருடத்துக்கு முன் இங்கே பேன் தொல்லை வந்தபோது நான் தலைமுடியை ஒட்ட வெட்டிவிட்டேன். அதை அம்மாவிடம் சொல்லாமல் இருக்க முடியாமல் உனக்கு எழுதினேன். 'அம்மாவுக்குக் கோபம், இரண்டு நாளாக என்னோடுகூடப் பேசவில்லை' என்று பதில் எழுதினாய். நான் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். மன்னிப்புக் கேட்டு அம்மாவுக்கு நாலு பக்கம் எழுதினேன். சின்ன வயதில் அவள் என் தலையைப் பிடித்து இழுத்துப் பின்னியது, நான் கத்தியது, பின்னலைப் பிடித்து அவள் என்னைத் திரும்ப உட்கார வைத்தது, எல்லாம் எழுதினேன். படிக்கத் தெரியாத அவளுக்கு நீ வாசித்துக் காட்டுவாய் என்று எழுதிய அந்த நாலு பக்கத்தை யார் கேட்டது? உன் படுக்கை விரிப்புகளுக்கு நடுவில் நின்று நீ மட்டும் படித்தாய். படித்துவிட்டு, 'அம்மா சமாதானம் ஆகிவிட்டாள், முடி வளரும் என்று சொல்லச் சொன்னாள்' என்று எழுதினாய். அதைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கினேனடா, பாவி.

இப்போது உட்கார்ந்து எல்லாக் கடிதத்தையும் எடுத்துப் பார்க்கிறேன். எது அம்மா, எது நீ என்று பிரிக்கலாமா என்று. பிரிக்க ஒன்றும் இல்லை. எனக்குப் பதினொரு வருடமாக அம்மாவே இல்லை. அம்மா மாதிரி எழுதத் தெரிந்த ஒருவன் இருந்தான், அவ்வளவுதான்.

அவளை நினைத்துப் பார்த்தாயா? நான் இங்கே டீக்கடை வரிசையில் நிற்கிறேன், படிவம் நிரப்புகிறேன், பல்வலிக்கு மாத்திரை போடுகிறேன். அதே நேரத்தில் அவள் அங்கே என்னை நினைத்து அழுகிறாள். அதைப் பார்த்துக்கொண்டு நீ எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறாய். எப்படியடா இறங்கியது?

இரண்டு வேலை செய். ஒன்று, அம்மாவிடம் சொல். இரண்டு, என் முதல் கடிதத்தை எடுத்துக்கொண்டு நீயே அலுவலகத்துக்குப் போய் நடந்ததைச் சொல். கூப்பிட்டு விசாரிப்பதற்கு முன்னால் தானாக வந்து சொன்னால் அதற்குத் தனி மதிப்பு உண்டு. இது ஆறுதல் இல்லை, விதிமுறைப் புத்தகத்திலேயே இருக்கிறது. உன் பதில் ஆகஸ்ட் பத்துக்குள் என் கையில் இருக்க வேண்டும். அதுவரை என் படிவத்தில் இரண்டு கட்டமும் காலியாகவே இருக்கும். ஒரு கட்டத்தையும் காலியாக விடாதே என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள் நான். உனக்காக விட்டு வைத்திருக்கிறேன்.

அக்கா

*

சலவைக்கூடம்
ஜூலை 28

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சொன்னது அத்தனையும் நியாயம்.

அம்மாவிடம் சொல்லத்தான் போனேன். சத்தியமாகப் போனேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஜன்னல் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். பராமரிப்பு அம்மாவிடம் உன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த அம்மாவுக்கு நம் மொழி ஒரு சொல் தெரியாது. அவர் வருகிற நாளெல்லாம் இவள் சொல்வாள், அவர் தலையாட்டிக்கொண்டே கால் அமுக்கிவிடுவார். அவர் போனதும் நான் கீழே உட்கார்ந்தேன். நேராகச் சொன்னால் அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று சுற்றி வளைத்தேன்.

"அம்மா, ஒரு பேச்சுக்குக் கேக்குறேன். அக்கா எங்கேயோ உயிரோட இருக்கான்னு வெச்சுக்கோ. நீ என்ன செய்வே?"

அம்மா என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். "இதென்னடா கேள்வி? செருப்பை எடுன்னு சொல்லுவேன்."

"எங்கே போவே?"

"அந்த ஆபீசுக்குத்தான். என் பொண்ணு சாகலைன்னு முதல்ல அவங்ககிட்ட சொல்லணும். அவங்க ஆள் முன்னாடிதானே அன்னைக்கு அழுதேன்."

"அப்படிச் சொன்னா உன் வைத்தியத்தை நிறுத்திட்டாங்கன்னா?"

"நிறுத்தினா நிறுத்தட்டும். நீ செருப்பை எடு."

பேச்சுக்குச் சொன்னதற்கே நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள் அக்கா. நான் பயந்துபோய், சும்மா கேட்டேன் என்று உட்கார வைத்தேன். பிறகு வெகுநேரம் என்னோடு பேசவில்லை. இது நிஜமாகவே.

இப்போது புரிகிறதா ஏன் சொல்ல முடியவில்லை என்று? சொன்ன மறு நிமிடம் கிளம்பிவிடுவாள். அவள் உடம்பு இருக்கிற நிலையில் அது சரியா? மகளுக்கு அடுத்த மாதம் முழுக்கப் பரீட்சை. வீட்டுக்கு விசாரணைக்கு ஆள் வந்தால் அந்தக் குழந்தை என்ன ஆகும்? எனக்குக் கொஞ்ச நாள் கொடு. இந்த முறை மட்டும் 'அந்த மகள் நான் அல்ல' என்பதில் குறி போட்டுவிடு. அந்தப் புதுக் குடியிருப்பும் மோசம் இல்லை, தனி அறை தருகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். பரீட்சை முடியட்டும், அம்மாவுக்குக் கையில் ஒரு சின்ன அறுவை சிகிச்சை இருக்கிறது, அதுவும் முடியட்டும். அடுத்த வருடம் கட்டாயம் நானே போய் எல்லாம் சொல்லி உன்னைக் கூப்பிடுகிறேன்.

உன்னைத்தான் நம்பியிருக்கிறேன்.

உன் தம்பி

*

முகாம், அறை 41
ஆகஸ்ட் 12

சின்னவனே,

உன் கடிதம் ஏழாம் தேதி வந்தது. அம்மாவின் பேச்சு வரை நின்றுகொண்டு படித்தேன். அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டேன். பதினொரு வருடத்தில் நீ எனக்கு அனுப்பியதில் அம்மா பேசியது அந்த நாலு வரிதான். எப்படித் தெரியும் என்கிறாயா? நீ எழுதுகிற அம்மா என்னைக் கவலைப்படாதே என்பாள், கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே என்பாள். செருப்பை எடு என்று உனக்கு எழுத வராது.

அதற்குக் கீழே 'நான் அல்ல' என்று குறி போடச் சொல்லியிருக்கிறாய். இதை ஒரே தாளில், ஒரே பேனாவில் எழுதியிருக்கிறாய். முதல் தடவை நீ என்னைச் சாகடித்தபோது உனக்குப் பத்தொன்பது வயது, அம்மா சாகக் கிடந்தாள். இந்தத் தடவை உனக்கு முப்பது வயது. இரண்டாவது முறை சாக என்னையே கையெழுத்துப் போடச் சொல்கிறாய். தனி அறை வேறு தருவார்களாம்.

எட்டாம் தேதி போய் 'அந்த மகள் நானே' என்பதில் குறி போட்டுக் கொடுத்துவிட்டேன்.

கொடுப்பதற்கு முன் விதிமுறையை வரி வரியாகப் படித்தேன். தெரிந்தே பொய் சொன்னவரின் அனுமதியைத்தான் மறுபடி விசாரிப்பார்கள். தெரியாமல் சொன்னவரை ஒன்றும் செய்ய முடியாது, அவருக்கு நடக்கிற சிகிச்சையை நிறுத்தக் கூடாது. அப்படியானால் அம்மாவுக்குத் தெரியாது என்று நிரூபிக்க வேண்டும். உன் வாய்ச்சொல்லை யார் நம்புவார்கள்? அதற்கு ஒரே ஓர் ஆதாரம்தான் உண்டு. கடிதத்தை வாங்கியது நீ, நீ மட்டும். அம்மாவின் கைரேகை அதில் இல்லை. பதினேழாவது பெட்டியிலிருந்து அந்தப் பக்கத்தைப் படியெடுத்து, முத்திரை வாங்கி இணைத்தேன். நான் கற்றுக்கொடுத்த கையெழுத்தை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். பொய் சொல்ல மாட்டேன், திரும்ப வாங்கிவிடலாமா என்றுகூட ஒரு நிமிடம் நின்றேன். பின்னால் நின்றவர் "சீக்கிரம்மா" என்றார்.

'வேறு ஏதேனும்' என்ற கட்டத்தில் உனக்காகவும் எழுதினேன். அம்மா அன்றைக்கு இருந்த நிலை, உன் வயது, மருத்துவர் கொடுத்த இரண்டு மாதக் கெடு. இடம் போதாமல் ஓரத்திலும் எழுதினேன். உன் மகள் அங்கேயே பிறந்தவள், அவளுக்கு ஒன்றும் வராது, அதையும் பார்த்துவிட்டேன். உனக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. மன்னித்துவிட்டேன் என்று எழுதச் சொன்னால் என்னால் முடியாது. ஒருநாள் முடியுமா என்பதும் தெரியாது.

நேற்று அலுவலகத்திலிருந்து ஃபேக்ஸ் வந்தது. தாயை நேரில் விசாரிக்க ஓர் அதிகாரியும் மொழிபெயர்ப்பாளரும் 25ஆம் தேதி காலை பத்து மணிக்கு வீட்டுக்கு வருகிறார்கள். உன் வீட்டு முகவரியை அந்தத் தாளில்தான் முதன்முதலாகப் பார்த்தேன். மூன்றாவது மாடியாமே. இருந்தாலும் இந்தக் கடிதத்தைச் சலவைக்கூடத்துக்கே போடுகிறேன். உன் மனைவி கையில் முதலில் கிடைக்க வேண்டாம் என்றுதான். இது உன் கைக்கு வரும்போது இரண்டு நாளோ மூன்று நாளோ மிச்சம் இருக்கும். அந்த இரண்டு நாளை நான் உனக்காகக் கேட்டு வாங்கினேன். முதலில் 20 என்றுதான் போட்டிருந்தார்கள்.

நான் உயிரோடு இருப்பதை முன்பின் தெரியாத ஒரு மொழிபெயர்ப்பாளர் வாயிலிருந்து அம்மா கேட்க வேண்டாம். நீ சொல். சுற்றி வளைக்காதே. ஒரு பேச்சுக்கு என்று தொடங்காதே. அவள் அடித்தால் வாங்கிக்கொள். அலமாரியிலிருந்து என் முதல் கடிதத்தை எடுத்து அவள் மடியில் வை. அவளுக்குப் படிக்கத் தெரியாது, பரவாயில்லை. என் கையெழுத்து அவளுக்குத் தெரியும்.

பிறகு அவள் என்ன சொன்னாள் என்று எனக்கு எழுதாதே. இனி ஒருபோதும் எழுதாதே. அவள் சொல்வதை அவள் வாயால் கேட்டுக்கொள்கிறேன்.

25ஆம் தேதி வரை அவள் காத்திருக்க மாட்டாள். அன்றைக்கே கிளம்புவாள். மூன்று மாடி இறங்க வேண்டும், நிதானமாகக் கூட்டிப்போ. சொல்வதற்கு முன்னாலேயே அவள் செருப்பை எடுத்து வாசலில் வைத்துவிடு.

அக்கா